பெருமாட்டியின் டிரங்க் கால் வைத்தியம்

மனிதனின் மனத்துயரத்தைக் கம்பி வழியாகக் கோயமுத்தூருக்கு அனுப்பி, மருந்தை மட்டும் பஸ்ஸில் வரவழைத்த முதல் ஊர் இந்த உலகத்திலேயே எங்கள் பெருமாட்டிதான். அமெரிக்காக்காரன் நிலாவில் கால் வைத்ததையே பேசிப் பேசி ஓயாத அந்த எழுபதுகளில், நாங்கள் சத்தம் போடாமல் இதைச் சாதித்தோம். சத்தம் போடாமல் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் போட்ட சத்தத்தில் தென்னந்தோப்புக் காக்காய்கள் எல்லாம் மாநில எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கே போய்விட்டன.

திட்டத்தின் தந்தை ஈஸ்வரமூர்த்தி அண்ணன். எனக்குப் பெரியப்பா மகன். தோப்பும் வயலும் உள்ளவர், பஞ்சாயத்து மெம்பர், ஊரில் முதல் டெலிபோன் வாங்கியவர். அதற்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, கூடத்தில் தனி மேஜை கொடுத்திருந்தார். கூப்பிடுவதற்குத்தான் ஆள் இல்லை. ஊரில் மற்ற யாரிடமும் டெலிபோன் கிடையாது.

திட்டத்தின் "பயனாளி" அவர் மனைவி முத்தாத்தாள் அண்ணி. சித்திரை மாசத்திலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. தலை வாரவில்லை. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டேயிருப்பாள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஒரே மகள் பொன்னாத்தாள், கிணற்று மோட்டாரைச் சரிபண்ண வந்த வீரபாண்டியைக் கல்யாணம் செய்துகொண்டு தேவிகுளத்துக்குப் போய்விட்டாள். அங்கே டீ பேக்டரியில் அவனுக்கு வேலை. வேறு சாதிக்காரன். ஆனால் மோட்டார் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. "இனி அவ பேரை இந்த ஊட்டுல யாரும் எடுக்கப்படாது" என்று அண்ணன் அன்றைக்கே உத்தரவு போட்டார். இப்போது அவளுக்கு மாசம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். பேரையே எடுக்கக்கூடாத வீட்டில் பிரசவம் எப்படிப் பார்ப்பது? ஆகவே அண்ணிக்கு வந்திருப்பது "காரணம் தெரியாத வியாதி" என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

கோயமுத்தூரில் மனசு டாக்டர் ஒருவர் இருந்தார், பெயர் மத்தியாஸ். நேரில் கூட்டிக்கொண்டு போனால் ஊர் நாலு விதமாகப் பேசும். "எதையும் ரகசியமாச் செய்யோணும் சின்னையா" என்றார் அண்ணன் என்னிடம். ரகசியத்தைக் காப்பாற்ற ஒரு கமிட்டி போட்டோம். அண்ணன் தலைவர், நான் காரியதரிசி. மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அதை நோயாளிக்கே கொடுக்கலாமே என்றேன். "பொம்பளைக்கு எதுக்குடா கமிட்டி?" என்று அண்ணன் அதைத் தள்ளுபடி செய்தார்.

வியாழக்கிழமைதோறும் காலையில் டெலிபோன் ஆபரேட்டரிடம் சொல்லி, கோயமுத்தூருக்கு டிரங்க் கால் பதிவு செய்வோம். மணி அடித்ததும் அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரிசீவரை எடுப்பார். அவர் "ஹலோ" என்றால் களத்துமேட்டில் தேங்காய் உரிக்கிறவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். ரகசியம் அந்த அளவில் பாதுகாக்கப்பட்டது.

"இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்பார் டாக்டர்.

அண்ணன் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, உனக்கு என்ன பண்ணுதுன்னு டாக்டரு கேக்கறாரு!" என்று கத்துவார்.

வாசற்படியிலிருந்து அண்ணியின் குரல் வரும். "என்ற புள்ளையப் பாக்கோணும்."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ரிசீவரில் சொல்வார்: "பசியில்லைங்களாம்!"

பசிக்கு டானிக் வந்தது. அடுத்த வாரமும் அதே கேள்வி. அண்ணியும் அதையேதான் சொன்னாள்: "என்ற புள்ளையப் பாக்கோணும்." "தூக்கம் வரலைங்களாம்!" என்றார் அண்ணன். தூக்க மாத்திரை வந்தது. அதற்கும் அடுத்த வாரம் "தலை சுத்துதுங்களாம்." பட்டிக்காட்டுப் பேச்சு ஒன்றை வைத்தியத்துக்கு ஏற்ற பாஷையில் இத்தனை வேகமாக மாற்றிச் சொல்ல, அண்ணனை விட்டால் இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

ஒருநாள் டாக்டர், "போனை அவங்ககிட்ட குடுங்க" என்றார்.

"எங்க ஊட்டுப் பொம்பளைக மூஞ்சி தெரியாத ஆம்பளைககிட்டப் பேசறதில்லைங்க."

"அப்ப நேர்ல கூட்டிட்டு வாங்க. என் மூஞ்சியைக் காட்டறேன்."

இதைப் பரிசீலிப்பதாக அண்ணன் வாக்குக் கொடுத்து ரிசீவரை வைத்தார்.

மாத்திரையை அண்ணி தொடவில்லை. காசு கொடுத்து வாங்கிய மருந்து வீணாகக் கூடாதே என்று அண்ணனே போட்டுக்கொண்டார். மகள் போனதிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லை. அதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. மறுநாள் சூரியன் உச்சிக்கு வந்த பிறகுதான் எழுந்தார். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று கமிட்டி திருப்தி தெரிவித்தது.

இப்படிச் செழிப்பாக நடந்துவந்த திட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. வாராவாரம் கத்திக் கத்தி அண்ணனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த வியாழக்கிழமை மணி அடித்தது, எடுத்தார், காற்றுத்தான் வந்தது. "ஹலோ, ஹலோ" என்று டாக்டர் மறுமுனையில் தவிக்கிறார். நீ பேசு என்று எனக்குச் சைகை காட்டினார் அண்ணன். பெரிய பொறுப்பு அல்லவா, நான் சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு திரும்புகிறேன். அதற்குள் அண்ணி எழுந்து வந்து, ஈரக்கையோடு ரிசீவரை வாங்கிவிட்டாள்.

"டாக்டருங்களா? நான் முத்தாத்தா பேசறனுங்க. எனக்குத் தலையெல்லாம் சுத்தலைங்க. என்ற புள்ளைக்கு இது ஒம்பதாம் மாசமுங்க. தேவிகுளத்துல தனியா இருக்காளுங்க. சோத்துல கை வச்சா அவ நெனப்பு வந்து தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குதுங்க. இதைத்தான் நானும் வாராவாரம் சொல்லிட்டு இருக்கறனுங்க."

கருவி பழசு, டாக்டர் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, முதல்ல மகளைப் போய்ப் பாருங்க. அப்புறம் என்கிட்ட வாங்க. உங்க மனசு ரொம்பச் சோர்ந்திருக்கு, அதுக்கும் வைத்தியம் பண்ணணும். ஆனா இத்தனை நாள் நான் பண்ணினது யாருக்குன்னு எனக்கே தெரியலை."

அண்ணன் கையை ஆட்டினார், காலை உதைத்தார், வாயைத் திறந்து திறந்து மூடினார். தடை உத்தரவு போடக் குரல் வேண்டுமே!

டாக்டர் வைத்ததும் குறுக்கே வேறொரு குரல் வந்தது. டெலிபோன் ஆபரேட்டர் கத்தரீனாள். "அக்கா, தேவிகுளம் போடட்டுங்களா? நீங்க உள்ளிருந்து சொல்றது எனக்கே கேக்குதுங்க, பக்கத்துல நிக்கறவங்களுக்குக் கேக்கலையா? அந்த டீ பேக்டரி நம்பரை விசாரிச்சு வச்சு ரெண்டு வாரமாச்சு."

"போடு கண்ணு" என்றாள் அண்ணி.

மெஷின் இரைச்சலுக்கு நடுவே வீரபாண்டியின் குரல் கேட்டது. "அத்தையா? நல்லாயிருக்கீகளா அத்தே? பொன்னு நித்தமும் உங்களத்தான் தேடுதா. எப்ப வாறீக?"

அண்ணி ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். களத்துமேட்டிலிருந்து வந்து வாசலில் நின்ற பெண்களும் அழுதார்கள். நானும் அழுதேன்; காரியதரிசி என்ற முறையில் அல்ல.

மறுநாள் விடிந்ததும் நெய்யும் பிரசவ மருந்துச் சாமானும் கட்டிக்கொண்டு, பொள்ளாச்சி பஸ் ஏறி, உடுமலை வழியாக அண்ணி தேவிகுளத்து மலைக்குப் போய்விட்டாள். கத்தரீனாள்தான் பத்தாம் நாள் கூப்பிட்டுச் செய்தி சொன்னாள்: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம், முத்தாத்தாளக்கா ரெண்டு வேளையும் சாப்பிடுகிறார்கள்.

திட்டம் மகத்தான வெற்றி. ஆனாலும் அதை மூட முடியவில்லை. அண்ணனுக்குக் குரல் திரும்பி வந்தது, பேச்சுத்தான் வரவில்லை. இலையில் உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்து பிசைந்து எழுந்துவிடுகிறார். மாலை காய்ந்த டெலிபோனையே பார்த்துக்கொண்டு, அண்ணி உட்கார்ந்த அதே வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை டிரங்க் கால் பதிவு செய்தேன்.

"அவருக்கு என்ன பண்ணுதாம்?" என்று கேட்டார் டாக்டர் மத்தியாஸ்.

நான் வாசற்படிப் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு டாக்டர் கேக்கறாருங்க!" என்று கத்தினேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்ற பேத்தியப் பாக்கோணும்டா" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, களத்துமேடு வரைக்கும் கேட்கும்படி ரிசீவரில் சொன்னேன்: "பசியில்லைங்களாம்!"

அண்ணன் துடித்து எழுந்து வந்தார். "ஏண்டா டேய், நான் அதையா சொன்னேன்?"

"இல்லீங்கண்ணா" என்று ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். "அண்ணி மட்டும் அதையா சொன்னாங்க?"