புதுப் போனும் முதல் நாள்காரரும்

முதல் நாள்காரர் என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு புதுப் போன் வெளியாகட்டும், அதுவே உங்களைத் தேடி வரும். கடையின் இரும்புக் கதவைத் தூக்குவதற்கு முன்பே அதில் மூக்கு உரச நின்று, முதல் பெட்டியை வாங்கி, பிரசவ அறையிலிருந்து பிள்ளையை எடுத்து வருகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி வந்து, உறையைப் பாதி உரித்தும் உரிக்காமலும் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்கமாட்டார்களா என எதிரே வருகிற முகங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்கும்.

யாரும் கேட்காவிட்டால்? கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்லும்.

நம்முடையவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர். எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று காலையிலிருந்து இரவு வரை கேட்கிற வேலை. ஆயுள் முழுக்க மற்றவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டவருக்குத் தன் அபிப்பிராயத்தையும் யாராவது கேட்க வேண்டும் என்று தோன்றியதில் என்ன தவறு? தவறே இல்லை. ஆனால் கண் சோதிக்க வந்த பெரியவரிடம், "கடைசி வரி உங்களுக்குத் தெரியலை இல்லையா? இதுக்குத் தெரியும் பாருங்க" என்று எழுத்துப் பலகையைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டியது கொஞ்சம் அதிகம். பெரியவர் அந்தப் படத்தையும் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தார்.

அவருடைய தீர்ப்புகளுக்கு ஒரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடமாட்டார். "விளம்பரத்துல பார்க்கிறது வேற, கையில வெச்சுப் பார்க்கிறது வேற" என்று ஆரம்பித்து, போனை உள்ளங்கையில் வைத்து, காய்கறிக்காரர் பூசணியை எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டி, "உட்காருது" என்பார். எது, எங்கே உட்காருகிறது? கேட்கக் கூடாது.

கடையில் வில்லை வெட்டுகிறவர் ஒரு முறை போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணே, சுடுதே?" என்றார்.

"சூடு இல்லை தம்பி. அது வேலை செய்யுது."

"நீங்க ஒண்ணும் செய்யலையே?"

"அது உன் கண்ணுக்கு. உள்ள அது யோசிச்சுக்கிட்டிருக்கு."

வீட்டில் இந்தப் பெருமைக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு புதுப் போன் வரும்போதும் அவருடைய பழையது மனைவிக்குப் போகும், மனைவியுடையது மகளுக்குப் போகும். மகளிடம் வந்து சேருவதற்குள் அதற்கு வயதாகிக் காது கேட்காமல் போயிருக்கும். இப்போது அவளிடம் இருப்பதில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும், சில சமயம் அதுவும் கேட்காது. அதனால்தான் பெரிய கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, தன் எண்ணைக் கொடுக்காமல் அப்பாவின் எண்ணைக் கொடுத்தாள். வேறு யார் போனை எடுக்காவிட்டாலும் அப்பா எடுப்பார். தூங்கும்போதுகூட அது அவர் கையில்தானே இருக்கும்?

அவள் கணக்கு சரிதான். ஆனால் புதுப் போனில் ஒரு புது வசதி இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து யார் அழைத்தாலும், போனே எடுத்து, போனே பேசி, விஷயத்தைக் கேட்டு, போனே அனுப்பி வைத்துவிடும். அவர் அதற்குக் காவல்காரன் என்று பெயர் வைத்திருந்தார். தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்கிறவரை அது விரட்டியது. வீட்டு மனை விற்கிறவரை விரட்டியது. புது எண்ணிலிருந்து பேசிய மனைவியின் சித்தப்பாவிடம், "நீங்கள் அழைத்ததன் நோக்கம் என்ன?" என்று கேட்டது. இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சித்தப்பா சபதம் செய்திருந்தார். முதல் நாள்காரர் இதையும் நல்ல அம்சங்களில் சேர்த்துச் சொன்னார்.

"பொண்ணுக்கு எந்த நேரமும் போன் வரலாம். இந்தக் கண்றாவியைக் கொஞ்சம் நிறுத்தி வைங்களேன்" என்றாள் மனைவி.

"முக்கியமான போன்னா அதுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அதான் சொன்னேனே, யோசிக்குதுன்னு."

மனைவி அதற்கு மேல் போனிடமும் அவரிடமும் பேசிப் பயனில்லை என்று கண்டு, மகளைக் கூப்பிட்டு, "நீ போய் உங்கப்பா பக்கத்துலயே உட்காரு" என்று கடைக்கு அனுப்பினாள்.

கடையில் அன்று கூட்டமில்லை. வந்தவளைச் சும்மா உட்காரவைப்பானேன் என்று திரைக்குப் பின்னால் இருந்த இருட்டறைக்கு அழைத்துப் போய், கனத்த சோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் வில்லையைப் போட்டு, "இது தெளிவா?" என்று கேட்கும்போது அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண்.

நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? எடுத்திருப்போம். அவர் எடுக்கவில்லை. மகளை ஒற்றைக் கண்ணோடு அப்படியே விட்டுவிட்டுத் திரையை விலக்கி வெளியே ஓடினார்.

"எல்லாரும் வாங்க, வாங்க. காவல்காரன் பேசப்போறான்!"

வில்லை வெட்டுகிறவர் எந்திரத்தை நிறுத்தினார். கல்லாவில் இருந்த முதலாளியம்மா தலையை நிமிர்த்தினார். போனை மேசை நடுவில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, கைகட்டி நின்றார் நம்மவர்.

"வணக்கம். நீங்கள் அழைத்ததன் நோக்கத்தைச் சொல்லலாம்" என்றது போன்.

"வணக்கங்க, கால்நடை மருத்துவமனையிலேர்ந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்தது. "உதவியாளர் வேலைக்கு உங்க பொண்ணு எழுதிப் போட்டிருந்தாங்கல்ல, அது விஷயமா. இன்னிக்கே நேர்ல வந்துட்டா நல்லது. பெரிய டாக்டரம்மா சாயங்காலம் வெளியூர் போறாங்க. இல்லைன்னா நாங்க அடுத்தவங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"தகவலுக்கு நன்றி. இது எங்களுக்குத் தேவையில்லை. உங்கள் நாள் இனிதாக அமையட்டும்" என்றது போன். வைத்தும் விட்டது.

முதலாளியம்மா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"கவனிச்சீங்களா?" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக. "அந்தம்மா குரல் எவ்வளவு சுத்தமா வந்துது! நாய் அந்தக் கத்து கத்துது, ஆனா பேச்சை அமுக்கலை பார்த்தீங்களா? பழைய போன்ல நாய் மட்டும்தான் கேட்டிருக்கும்."

"சார்" என்றார் முதலாளியம்மா. "அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

"துல்லியமா கேட்டுதே."

"கேட்டுது சார். என்ன சொன்னாங்க?"

அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான், வெகு தூரத்திலிருந்து வருகிற பேருந்துபோல, அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக அவரிடம் வந்து சேர்ந்தன. மருத்துவமனை. பொண்ணு. இன்னிக்கே. முகத்தில் இருந்த பல்லெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயிற்று.

அதற்குள் திரை கிழிகிற மாதிரி விலகியது. சோதனைச் சட்டம் மூக்கில் தொங்க, ஒரு கண் மூடியிருக்க, மறு கண் வில்லைக்குப் பின்னால் மாட்டுக் கண் அளவுக்கு விரிந்திருக்க, மகள் பாய்ந்து வந்து போனைப் பறித்தாள். அந்த எண்ணைத் திருப்பி அழைத்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். முதல் நாள்காரரின் கை, போன் இல்லாத உள்ளங்கையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"ஹலோ, மேடம்! இப்ப கூப்பிட்டீங்களே, நான்தான் அந்தப் பொண்ணு. வேணாம்னு சொன்னது நாங்க இல்லைங்க... எங்கப்பாவும் இல்லைங்க. எங்கப்பாவோட போன்... ஆமாங்க, அதுவாவே... அடுத்தவங்களைக் கூப்பிட்டாச்சா மேடம்?"

கடை முழுதும் அவள் வாயைப் பார்த்தது.

"இன்னும் இல்லையா? இதோ கிளம்பிட்டேன் மேடம். வழியிலேயே இருக்கேன்!"

போனை அப்பாவின் கையில் திணித்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வந்தார் என்றே அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்துப் போனின் முகத்தை ஒரு முறை துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா... உன் குரல் அந்தப் பக்கம் எப்படிக் கேட்டுச்சாம்?"

மகள் பதில் சொல்ல நிற்கவில்லை. தெருவில் இறங்கி ஓடியேவிட்டாள். "சட்டத்தைக் கழட்டும்மா, சட்டம்!" என்று வில்லை வெட்டுகிறவர் பின்னாலேயே ஓடினார்.

வேலை கிடைத்ததா? கிடைத்தது. இப்போது அவள் பூனைகளுக்கு மருந்து புகட்டுகிறாள், கையெல்லாம் கீறல், முகமெல்லாம் சிரிப்பு. முதல் சம்பளத்தில் நன்றாகக் காது கேட்கிற சாதாரணப் போன் ஒன்று வாங்கிக்கொண்டாள். அப்பாவோ, போனின் குரல் தெளிவுக்கு அந்த நாயையே சாட்சியாக வைத்து இன்னும் ஊருக்கெல்லாம் பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மனிதரைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். வேலை கிடைத்தது என்று படித்ததும் மனம் நிறைந்ததா, இல்லை, 'அதெல்லாம் சரி, இவ்வளவு சொல்லியும் அது எந்தப் போன்னு சொல்லவே இல்லையே' என்று உள்ளே எங்கோ ஓர் அரிப்பு எடுத்ததா?

எடுத்ததா? அப்படியானால் அடுத்த போன் வெளியாகும் நாளில் கொஞ்சம் சீக்கிரமே கிளம்புங்கள். அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்.