அந்தக் கார் நின்றுபோகவில்லை

திருப்பதி,
வியாழக்கிழமை.

'எல்லைச் செய்தி' வார இதழின் ஆசிரியர் திரு. வேங்கடாசலம் அவர்களுக்கு, வாசகன் பரணி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், சித்தூர் அச்சகத்தில் தங்களுக்காகக் கண்விழித்திருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். என் அத்தை சந்திரம்மா நலம். கார் நலமா என்று தெரியவில்லை. அதன் அருகே போக என்னை விடுவதில்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

சென்ற வார இதழ். மூன்றாம் பக்கம். கீழ்க்கோடி. 'மலைப்பாதையில் நின்றுபோன ஓட்டைக் கார்: செம்மரத்துடன் இருவர் சிக்கினர்.' அந்த இருவரில் ஒருவன் நான். மற்றவர் அத்தை. வயது அறுபத்தொன்று.

செம்மரம் என்று எழுதியதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. கட்டை ஆய்வுக்குப் போயிருக்கிறது, முடிவு வரும்போது வரட்டும். 'கும்பல்' என்று எழுதினீர்கள். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் முதல்வர் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார், பேசாமலே இருந்திருக்கலாம். அதுவும் போகட்டும். என் பெயரைப் பரணிதரன் என்று போட்டீர்கள். மன்னித்தேன். நான் எழுதுவது 'நின்றுபோன' என்ற ஒரு சொல்லுக்காக. கார் நிற்கவில்லை, ஐயா. மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரு கணமும் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. அதை நிருபரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது நிருபரின் குறை.

தங்களுக்கு அந்தக் காரைத் தெரியாது. சிட்ரோன் டூ-சிவி. எழுபத்தெட்டில் பிரான்சில் செய்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த செங்கமலம் டீச்சர், கண் மங்கியபின் எனக்குத் தந்தார். இரண்டே சிலிண்டர். தண்ணீர் கேட்காது, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். கியர்க் கம்பி குடையின் பிடி மாதிரி எதிரே நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடி இறங்காது, பாதியை மடித்து மேலே மாட்ட வேண்டும். கூரை துணி, பாயைப் போலச் சுருட்டலாம். இருக்கைகளைக் கழற்றி மர நிழலில் போட்டு உட்காரலாம். உழுத நிலத்தின் குறுக்கே ஒரு கூடை முட்டையோடு போனால் ஒரு முட்டையும் உடையக் கூடாது என்பதுதான் அதைச் செய்தவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனையாம். வேகத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஓட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். கூரை திறந்திருந்தது. வெயில் இதமாக இருந்ததால் நாங்களே திறந்தோம்.

இனி நடந்தது.

மலைக்கு அப்பால் பீலேரில் என் சித்தப்பா மகள் காவ்யாவுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு நலங்கு வைத்தாலும் அத்தை வீட்டு மணைப்பலகையில்தான் உட்கார வைப்பார்கள். பலா மரம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பூச்சு செம்மண் அடித்து அடித்து இப்போது பலகையைவிடப் பூச்சு கனம். அதைப் பழைய புடவையில் சுற்றிப் பின்னால் வைத்துக்கொண்டு அத்தை ஏறினார். காலை ஒன்பது இருபதுக்கு மலை அடிவாரத்துச் சாவடியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். மேல் சாவடியில் நாங்கள் இறங்கியபோது பதினொன்று பத்து. மற்றவர்கள் அரை மணியில் ஏறுகிறார்களாம். ஏறட்டும். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் இருக்காது. நாங்கள் எல்லா மைல்கல்லையும் படித்தோம். இரண்டாவது வளைவில் ஒரு பாறைக்குள் தேன்கூடு. நான்காவதில் ஒரு குரங்கு எங்கள் பானெட் மேல் ஏறி, அடுத்த வளைவு வரை வந்து, அலுத்துப்போய் இறங்கிக்கொண்டது. எங்களை ஒரு வெள்ளைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டே முந்தியது. ஆறாவது வளைவில் அது பானெட்டைத் திறந்து வைத்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கடந்தோம். நின்றுபோன கார் என்று எழுத வேண்டுமானால் அதைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. சீதாப்பழக் கூடையோடு மேலே நடந்து போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள். அத்தை மடித்த ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"எத்தினி தருவே?"

"எனிமிதி."

"எட்டா? பன்னண்டு குடும்மா. நீயும் மேலதானே போய்க்கினு கீற, செமை கொறையும்."

இப்படியே ஒன்றரை வளைவு பேரம் நடந்தது. பத்தில் முடிந்தது. பழங்கள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக வந்தன. அந்த அம்மாள் நடையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கார் நின்றிருந்தால் அவர் ஏன் கூடவே நடக்க வேண்டும்? நிருபர் இதைக் கேட்டிருக்க வேண்டாமா?

மேல் சாவடியில் ரமணா என்ற வனக்காவலர் குறுக்கே கழி போட்டார். கீழேயிருந்து போன் வந்திருக்கிறது. புதுச்சேரி எண், இரண்டு பேர், இன்னும் மேலே வரவில்லை.

"மத்தியில எக்கட நிறுத்தினீங்க சார்?"

"எங்கும் நிறுத்தவில்லை."

"மரி ரெண்டு மணி நேரம் ஏம் சேசினாரு, என்ன பண்ணினீங்க?"

"வந்துகொண்டிருந்தோம்."

அவர் வண்டி எண்ணை இன்னொரு முறை படித்தார். பிறகு, "தமிழா?" என்றார். செம்மரம் என்றாலே தமிழரைப் பிடிக்கும் இந்தக் காட்டோரம் அந்தக் கேள்வியின் எடை தங்களுக்குத் தெரியும். நான் ஆம் என்றேன். அத்தை முந்திக்கொண்டார். "இன்னா நைனா, தமிழ்னா உனக்கு எளக்காரமா? புத்தூர்ல எங்க வூட்டுக்கு எதிர் வூடே உங்காளுங்கதான். என் கல்யாணத்துக்குப் பந்தி போட்டதே அவுங்கதான்."

ரமணா காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் தாழ்ந்திருந்தது. உள்ளே பாரம் இருக்கிறது என்றார். அந்தக் கார் யார் ஏறினாலும் தாழும், அதன் ஸ்பிரிங் அப்படி, அத்தை இறங்கினால் எழும் என்றேன். அத்தை இறங்கினார். எழுந்தது. அதைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. இருக்கைகளைக் கழற்றச் சொன்னார், கழற்றிக் கொடுத்தேன், புளியமரத்தடியில் போட்டார்கள், இரண்டு காவலர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், டீ வரவழைத்தார்கள், அத்தைக்கும் ஒன்று, நான் மட்டும் வெயிலில். பானெட்டையும் திறந்து பார்த்தார்கள். கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் இரும்புக் கம்பியை எடுத்து ஆயுதம் என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் புடவை மூட்டையைப் பிரித்தார்கள். செக்கச்செவேலென்று மணைப்பலகை. ரமணா நகத்தால் சுரண்டினார். சிவப்பு. இன்னும் சுரண்டினார். இன்னும் சிவப்பு.

"அது செம்மண்ணுப்பா," என்றார் அத்தை. "உள்ளாற பலா. நீ சொரண்டிக்கினே இரு, எங்க மாமியார் கல்யாணத்துப் பூச்சு வரும்."

இந்த நேரத்தில்தான் தங்கள் நிருபர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பானெட் திறந்திருக்கிறது. இருக்கைகள் தரையில். பின்னிருக்கையில் அத்தை டீயோடு. ஒரு படம். யாரிடமும் ஒரு கேள்வி இல்லை. போய்விட்டார். அரை மணியில் மலை இறங்கியிருப்பார்.

அவருடைய ஒரு சொல்லால் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். எங்களை அன்றே விட்டுவிட்டார்கள். பலகை ஆய்வுக்கூடத்துக்கு. கார் கிடங்குக்கு. நலங்கன்று காவ்யா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிடங்கில் எழுத்தராக இருக்கும் பச்சையப்பன் நகரிக்காரர், நம் ஆள், நல்ல மனிதர். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். தங்கள் செய்தியை வெட்டி, குத்தி வைத்திருந்தார்கள். 'நின்றுபோன' என்பதன் கீழே சிவப்புக் கோடு.

"ஓடாத வண்டிலாம் ஏலத்துல தனி லாட்டு தம்பி. இருவத்தஞ்சாம் தேதி பழைய இரும்புக்குப் பூடும்."

"அது ஓடும். சாவியைக் கொடுங்கள், காட்டுகிறேன்."

"சீல் வச்ச வண்டியத் தொடக் கூடாது."

"ஓடாது என்று யார் பார்த்தார்கள்?"

"பேப்பர்ல போட்டுக்கீதே."

நான் சொன்னால் செல்லாது. காருக்கு உரியவன் நான், நாற்பதாயிரம் கிலோமீட்டர் அதில் போனவன். செல்லாது. தங்கள் மூன்றாம் பக்கத்துக் கீழ்க்கோடி செல்லும். தாங்கள் திருத்தம் போட்டால் அதையும் வெட்டிக் குத்திவைப்பதாகச் சொன்னார்.

ஐயா, எனக்கு இருபத்தொன்பது வயது. என்னோடு படித்த ஜெபகுமார் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலைக்கு மேலாளர். எங்கேயோ சேர வேண்டிய அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அந்தக் காரில் உட்கார்ந்த பிறகு அது குறைந்தது. திருப்பதி–சித்தூர் சாலையில் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்காதவர் இல்லை. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் முந்தும். முந்தியவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்ததும் சிரிப்பார். நாள் ஒன்றுக்கு நாற்பது பேரைச் சிரிக்க வைக்கிறேன். என் கவிதைகளால் முடியாதது. (தாங்கள் திருப்பி அனுப்பிய மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.) அந்தக் காரில் என்ன கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும். எதையும் மறைத்துவைக்க அதில் இடமே இல்லை. அதைப் போய்க் கடத்தல் வண்டி என்றார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். இரும்பாக நிறுத்துப் போடுவதைப் பொறுக்க முடியாது.

ஆகவே வரும் இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் கீழ்க்கண்டவாறு போட வேண்டுகிறேன்: 'சென்ற வாரம் குறிப்பிட்ட கார் நின்றுபோகவில்லை. அது நல்ல நிலையில், தன் இயல்பான வேகத்தில், இடைவிடாமல் மலை ஏறியது. வருந்துகிறோம்.' வருந்துகிறோம் என்பதை விட்டுவிடக் கூடாது.

தங்கள் இதழ் எல்லையின் இரு பக்கமும் வளரட்டும். அச்சகத்தாருக்கு என் அன்பு. நிருபருக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் செய்தியால் கார் இழக்கவிருக்கும்,
பரணி.

பி.கு. சனிக்கிழமை. இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் பச்சையப்பன் போன் செய்தார். "தம்பி, பேப்பருக்கு எதுனா எழுதிட்டியா? எழுதாத. புது ஆபீசர் வந்துகிறாரு. ஓடுற வண்டின்னா கடத்தப் போன வண்டி. பலகை ரிசல்டு வர வரைக்கும் இங்கதான் கெடக்கணும், ரெண்டு மழைக்காலம் ஆவும். ஓடாத வண்டி எப்புடிக் கடத்தும்னு கேக்குறாரு. ஓடாதுன்னு எழுதிக் குடுத்துட்டு இன்னிக்கே எடுத்துக்கினு போயிடு."

திருத்தம் எதுவும் வேண்டாம், ஐயா. அத்தை நேற்றே தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து சத்தம் போட்டுவிட்டதாகச் சொல்கிறார், அதையும் பொருட்படுத்த வேண்டாம். இடமிருந்தால், அந்தக் கார் ஓடவே ஓடாது என்று இன்னொரு முறை போட்டாலும் நல்லது. இன்று கிடங்குக்குப் போய் நானே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஓடாத கார் மலை உச்சிக்கு எப்படி வந்தது என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. "நான் தள்ளிக்கினு வந்தேன்னு எழுதிக்கோ," என்றார் அத்தை. எழுதிக்கொண்டார்கள். சந்திரம்மா, அறுபத்தொன்று, பதினெட்டுக் கிலோமீட்டர், ஏற்றம். கீழே கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுவேன் என்று போட்டார்.

ஆயுதம் என்று எடுத்த கம்பியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. கிடங்கு வாசலில் இன்று ரமணாவுக்குக் காவல். ஓடாத வண்டி ஓடுவதை அவர் பார்க்கக் கூடாது. கதவைத் திறந்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் கண்ணிலிருந்து மறையும்வரை அப்படியே நிற்க வேண்டியிருந்தது. பாவம், கழுத்து வலித்திருக்கும்.