திற்பரப்பு ராஜாவுக்குக் கேட்கவில்லை

"குரல் தெளிவா இல்ல. கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு" என்று திற்பரப்பு ராஜா எழுதியிருந்தார்.

ஆன்ட்ரூஸ் ட்ரெய்லரை ஓரங்கட்டினார். லாப்டாப் திரையில்தான் என்றாலும் பின்கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, முறையாகவே ஓரங்கட்டினார். இருபத்திரண்டு வருடம் சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிய பழக்கம் அது. முதுகுவலி வந்து சொந்த ஊரான புதுக்கடைக்கே திரும்பி, வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு, மகள் பெபிஷா பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது தன் பழைய லாப்டாப்பில் இந்த லாரி ஓட்டும் கேமைப் போட்டுக் கொடுத்தாள். மூன்றே மாதத்தில் அவர் அதை லைவில் ஓட்டிக்காட்ட ஆரம்பித்துவிட்டார். ஓட்டிக்கொண்டே ரோட்டைப் பற்றிப் பேசுவார். பார்ப்பதற்குப் பதினோரு பேர் இருந்தார்கள்.

அந்தப் பதினோரு பேரில் முதல் ஆள் திற்பரப்பு ராஜா. முதல் நாள் முதல் ஒரு லைவ்கூட விட்டதில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூ. அவர் யாரென்று ஆன்ட்ரூஸுக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

அதுவும் இன்றைக்குக் கேட்டுத்தான் ஆகவேண்டும். நான்கு மணிக்கு சவுதியில் தமாமிலிருந்து வைகுண்டராஜன் பார்க்கப்போகிறார். ஆன்ட்ரூஸோடு பதினெட்டு வருடம் ஒரே கேம்ப்பில் இருந்த கூட்டுக்காரர். கால் முறிந்து ஒரு மாதமாகக் கட்டிலில் கிடக்கிறார். "இந்த அறைச் சொவரைப் பாத்துப் பாத்து கிறுக்குப் பிடிக்குது மக்கா" என்று போனில் சொன்னார். "வெள்ளிக்கெழம உன்னை ரியாத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஆன்ட்ரூஸ் வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ரோட்டை யாரோ ஒரு புண்ணியவான் கேமுக்குள் செய்து வைத்திருந்தான். வைகுண்டராஜன் அறையிலிருந்த ஒன்பது பேரையும் டிவி முன்னால் உட்கார வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

இப்போது மணி இரண்டு. ஒத்திகைக்காகப் போட்ட லைவில்தான் ராஜா இப்படி எழுதியிருக்கிறார்.

"எனக்கு நல்லா கேக்குதே அண்ணே" என்று குவைத்திலிருந்து ஜெரிஷ் என்பவர் எழுதினார்.

ஜெரிஷ் போன வாரம் வந்தவர். அவரையும் ராஜாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆன்ட்ரூஸ் செட்டிங்கைத் திறந்து மைக்கின் அளவை நூறுக்கு ஏற்றினார்.

"அண்ணே, இப்ப ஹெலிகாப்டர் சத்தம் கேக்குது" என்றார் ஜெரிஷ்.

அது மின்விசிறி. ஆன்ட்ரூஸ் அதை நிறுத்தினார். நிறுத்தியபின் குரல் எப்படி இருக்கிறது என்று தானே கேட்டுப் பார்க்க நினைத்தார். தான் பேசும்போது தன் குரல் எப்படியும் தன் காதுக்குள் கேட்கும், மைக்கில் என்ன போகிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

"ஏட்டி செல்லபாய், இஞ்ச ஒருக்கா வா."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி வந்தாள்.

"இந்த மைக்குக்கிட்ட இருந்து பேசு. நான் ஹெட்போன் வச்சுக் கேக்கணும்."

"என்னத்தைப் பேச?"

"வாயில வந்ததைப் பேசு. நிறுத்தாமப் பேசணும், அம்புட்டுதான்."

செல்லபாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மேல டேங்குல வால்வு கேடாயி ஒரு மாசம் ஆச்சு. வெள்ளம் நெறஞ்சு பிரிஜா வீட்டுச் சொவருல வடியுது. மூணு தடவை சொன்னேன்."

"கொஞ்சம் சத்தமா."

"வால்வு கேடாயி ஒரு மாசம் ஆச்சு."

"இப்பக் கேக்குது. நிறுத்தாத, பேசு."

அவள் நிறுத்தவில்லை. பாடகர் குழுவில் தன்னை முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசைக்கு மாற்றியதைச் சொன்னாள். பெபிஷா அலுவலகத்தில் ஒரு பையனைப் பற்றி அடிக்கடிப் பேசுவதைச் சொன்னாள். மாடிப்படி ஏறினால் இடது முட்டு வலிப்பதைச் சொன்னாள். ஆன்ட்ரூஸ் கண்ணை மூடி, ஹெட்போனை இரு கையாலும் காதோடு அழுத்தி, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டார்.

"முட்டு வலிக்குதா? எப்ப இருந்து?"

"ஓணத்துல இருந்து."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னேன். நீங்க வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்திய."

ஆன்ட்ரூஸுக்கு என்னவோ போலிருந்தது. "நாளைக்கு மார்த்தாண்டம் போய்க் காட்டிட்டு வருவோம்" என்றார். "குரல் நல்லாத்தான் கேக்குது. நீ போ."

செல்லபாய் அடுக்களைக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் செம்பருத்திப் பூ திரையில் எட்டிப் பார்த்தது.

"இப்ப குரல் பரவால்ல. ஆனா இடையில பஸ் ஹாரன் கேக்குது."

உண்மைதான். வீடு பஸ் திரும்பும் முக்கிலிருந்து நாலு எட்டு. ஆன்ட்ரூஸ் எழுந்து சன்னல்களை எல்லாம் அடைத்தார். மின்விசிறியும் இல்லை, காற்றும் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இப்ப பள்ளிக்கூட ஹால்ல பேசுத மாதிரி முழங்குது" என்றார் ராஜா. "சொவருல துணி ஏதாவது கட்டிப் பாருங்க."

'இந்த ஆளு லேசுப்பட்டவரு இல்ல. மைக்செட் போடுதவரா இருப்பாரு' என்று ஆன்ட்ரூஸ் நினைத்துக்கொண்டார்.

"ஏட்டி, பழைய சேலை இருந்தா எடுத்துட்டு வா."

செல்லபாய் பீரோவையே திறந்துவிட்டாள். சன்னல் கம்பியிலும் கதவிலும் காலண்டர் ஆணியிலும் சேலைகள் தொங்கின. அறை துணிக்கடை போல ஆனது. ஒவ்வொன்றாகக் கட்டும்போது அவள் அதனதன் கதையைச் சொன்னாள். மைக் சோதனை நடப்பதால் ஆன்ட்ரூஸ் ஹெட்போனோடு நின்று கேட்கவேண்டியிருந்தது.

"இந்தப் பச்சை எதுன்னு தெரியுதா?"

"இல்ல."

"நீங்க தமாம்ல இருந்து வாங்கிக் கொடுத்துவிட்டது. பெபிஷாவுக்குக் கோயில்ல திடப்படுத்தல் நடந்தப்ப உடுத்தேன். நீங்க பாக்கல."

ஆன்ட்ரூஸ் அந்தப் பச்சைச் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை மட்டும் அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்தார். "இதுல தூசி படும். ஞாயித்துக்கெழம கோயிலுக்கு உடுத்து" என்றார். அந்த இடத்தில் தன் வேட்டியைக் கட்டினார்.

அவள் பச்சைச் சேலையோடு உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ராஜா எழுதினார். "முழக்கம் போச்சு. ஆனா லேசா ஒரு இரைச்சல் இருந்துக்கிட்டே இருக்கு."

மணி மூன்றே முக்கால். ஆன்ட்ரூஸுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. செட்டிங்கில் தேடினார். 'இரைச்சலை நீக்கு' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். கொஞ்சம், நடுத்தரம், முழுவதும் என்று மூன்று அளவு கேட்டது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை.

"ஏட்டி, கடைசியா ஒருக்கா வந்து பேசு" என்று கத்தினார். அதற்குள் நான்கு மணி ஆகிவிட்டது. தமாம் கேம்ப் லைவுக்கு வந்துவிட்டது.

"ஏலே ஆன்ட்ரூஸ், ஒன்பது பேரும் ரெடி. வண்டியை எடு" என்று வைகுண்டராஜன் எழுதினார்.

ஆன்ட்ரூஸ் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் வணக்கம். நாம இப்ப தமாம் போர்ட்டுல இருந்து கெளம்புதோம்" என்று ஆரம்பித்து, துறைமுகம், கேட், முதல் ரவுண்டானா வரை மூச்சுவிடாமல் பேசினார்.

"வண்டி போகுது, சத்தத்தைக் காணல்லியே" என்று வைகுண்டராஜனிடமிருந்து வந்தது. "பேச மாட்டியா? எங்கூட பிணக்கமா மக்கா?"

ஆன்ட்ரூஸ் குரலை உயர்த்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. கேம்ப்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குள் வந்த செல்லபாய், "எதுக்கு இப்பிடித் தொண்டை கிழியக் கெடந்து கத்துதிய? பக்கத்து வீட்டுல என்ன நெனைப்பாவ?" என்றாள்.

"ஆகா, மதினி பேசுதது மணி மாதிரிக் கேக்குது" என்று வைகுண்டராஜன் எழுதினார்.

ஜெரிஷ் விளக்கினார். "அண்ணே, இரைச்சலை நீக்குததை முழுசா வச்சிருக்கிய போல. உங்க குரலு கரகரன்னு இருக்கதுனால அது இஞ்சின் சத்தம்னு நெனச்சு அழிச்சிடுது."

பொத்தானைப் பழையபடி மாற்றப் போனால், லைவை நிறுத்தினால்தான் முடியும் என்றது லாப்டாப். வண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது. ஒன்பது பேர் டிவி முன்னால் இருக்கிறார்கள். ஒருவர் காலில் கட்டோடு இருக்கிறார். இனி நிறுத்துவதாவது.

"நான் சொல்லுததை நீ சொல்லு" என்றார் ஆன்ட்ரூஸ்.

"எனக்கு சவுதியைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா. நீ சொன்னாப் போதும்."

செல்லபாய் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"அப்கைக் தாண்டுனா ரோட்டுல மணலு ஏறிக் கெடக்கும். பிரேக்கை மிதிக்கப்படாது" என்றார் ஆன்ட்ரூஸ்.

"மணலு கெடக்குமாம். பிரேக்கை மிதிக்கப்படாதாம்" என்றாள் செல்லபாய். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப ஒட்டகம் வந்தா?"

"ஹாரன் அடிக்கப்படாது. அது நம்மளைப் பாத்து நிக்கும். காத்துக் கெடக்கணும்."

"ஒட்டகம் வந்தா ஹாரன் அடிக்காமக் காத்துக் கெடப்பாவளாம். நம்ம முக்குல பசுமாட்டுக்கு அடிக்குத அடியைப் பாக்கணும்" என்றாள்.

கேம்ப்பிலிருந்து சிரிப்பு முகங்களாக வந்து விழுந்தன. பதினோரு பேர் இருபதாகி, முப்பத்து நான்கானார்கள். செல்லபாய்க்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அவர் சொல்லாததையும் கேட்டாள். எங்கே சாப்பிடுவீர்கள், எங்கே படுப்பீர்கள், மழை பெய்யுமா, பயமாக இருக்குமா. ஆன்ட்ரூஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இந்த ரோட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்க நேரம் கிடைத்ததில்லை.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஆன்ட்ரூஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"இஞ்ச ஒரு டெலிபோன் பூத் இருந்துது. வெள்ளிக்கெழம இங்கின நின்னுதான் உனக்கு போன் பண்ணுவேன்."

செல்லபாய் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. திரையையே பார்த்தாள். பங்க், ஒரு கம்பம், பின்னால் ஒன்றுமில்லாத மணல்.

"இஞ்ச இருந்தா?"

"ஆமா. வரிசையில பின்னால நிக்குதவன் கண்ணாடியில தட்டிக்கிட்டே இருப்பான். அதான் மூணு நிமிசத்துல வச்சிருவேன்."

"நான் பேசுதது உங்களுக்குச் சலிச்சுப் போச்சாக்கும்னுல்லா இத்தனை நாளும் நெனச்சேன்" என்றாள் செல்லபாய்.

மைக் திறந்திருந்தது. மணி போன்ற அந்தக் குரல் தமாம் வரை போயிற்று. அங்கிருந்து வைகுண்டராஜன் எழுதினார்.

"பின்னால நின்னு தட்டுனது நான்தான் மதினி. மன்னிச்சுக்கிடணும்."

செல்லபாய் சிரித்த சிரிப்பில் சன்னலில் கட்டியிருந்த சேலை ஒன்று அவிழ்ந்து விழுந்தது. ஆன்ட்ரூஸும் சிரித்தார். அவர் சிரிப்பை லாப்டாப் அழித்துவிட்டது.

ரியாத் நெருங்கும்போது பக்கத்து வீட்டுப் பிரிஜா உள்ளே வந்தாள். கொஞ்சம் புளி வேண்டுமாம். தொங்கிக்கொண்டிருந்த சேலைகளையும், சட்டையில்லாத அண்ணனையும், மைக்கைப் பிடித்துக்கொண்டு இடது பக்கத் திருப்பத்தைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்த அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்லபாய் அடுக்களையைக் கைகாட்டினாள். பிரிஜா தானே எடுத்துக்கொள்ளப் போனாள்.

வண்டி ரியாத்தில் நின்றது. "கால் வலியே தெரியல" என்று வைகுண்டராஜன் எழுதினார். "அடுத்த வெள்ளி ஜித்தா. மதினி இல்லாம வண்டியை எடுக்கப்படாது."

ஆன்ட்ரூஸ் முதுகை நாற்காலியில் சாய்த்தார். ஒரு சன்னலைத் திறந்தார். காற்று வந்தது. இரைச்சல் பொத்தானை மாற்றாமல் அப்படியே விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. ராஜாவைத்தான் ஒரு மணிக்கூறா ஆளையே காணல. கோவிச்சுக்கிட்டாரோ என்னவோ. நல்ல மனுசன்" என்றார்.

"அவரு எங்க போகப் போறாரு" என்றாள் செல்லபாய், சேலையை மடித்தபடி.

அப்போது திரையில் செம்பருத்திப் பூ வந்தது.

"இப்பவும் தெளிவில்ல. வீட்டுக்காரியைப் பக்கத்துல இருத்தி இன்னும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லிப் பாருங்க."

"இந்த ஒரு மனுசனை மட்டும் நம்மளால திருப்திப்படுத்த முடியல்லியே" என்று ஆன்ட்ரூஸ் தலையில் கைவைத்தார். செல்லபாய் மடித்த சேலையைக் கீழே போட்டுவிட்டு, பேயைக் கண்டவள் போலத் திரையைப் பார்த்தாள்.

பிரிஜா ஒரு கையில் புளியும் மறு கையில் செல்லபாயின் போனுமாக அடுக்களையிலிருந்து வந்தாள்.

"அக்கா, என்னமோ அடிச்சு வச்சுட்டு அனுப்ப மறந்து வந்துட்டியளே. நான் அனுப்பிவிட்டுட்டேன், கேட்டியளா."