ரத்தினம்மா சொன்னதாக நான் சொன்னது

வத்தேகம
14 ஆவணி 1979

கோத்தகிரிக் குளிரில் குடும்பத்தோடு குடியேறியிருக்கும் என் அருமை மச்சான் கறுப்பையாவுக்கு, அக்கா புருஷனும் ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டருமான மூக்கையா எழுதிக்கொள்வது. நீயும் தங்கச்சி பாக்கியமும் பிள்ளைகளும் கதிர்காமக் கந்தன் துணையால் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். வழக்கமாக இந்த இடத்தில் "நாங்கள் யாவரும் சுகம்" என்று எழுதுவேன். இந்தத் தடவை எழுத முடியவில்லை.

விஷயம் என்னவென்றால், ஆடி மாத நடுவில் உன் அக்கா ரத்தினம்மா தண்ணீர் விழும் பீலியடியில் துணி அலசப் போன இடத்தில், வலது காலில் போத்தல் ஓடு குத்திவிட்டது. அவளுக்குச் சீனி வியாதி என்பது உனக்குத் தெரியும். குத்தினதே அவளுக்குத் தெரியவில்லை, வீட்டுக்குள் வந்தபிறகு தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்கும் முன்னே, "எதுக்கு, மஞ்சளை அரைச்சுக் கட்டுனா ரெண்டு நாள்ல ஆறிடும்" என்று பதிலையும் நானே சொன்னேன். முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் ஏறி இறங்கினவன், கேட்ட கேள்விக்குப் பதில் வருகிறவரைக்கும் நின்ற பழக்கம் எனக்கு ஏது? பத்து நாளில் பெருவிரல் கறுத்துப்போச்சு. நாத்தம் வந்த பிறகுதான் கண்டி டவுனுக்குக் கொண்டுபோய் ஒரு ஆஸ்பத்திரியில நிப்பாட்டினேன். அந்தப் பத்து நாளும் என் பிழைதான் மச்சான், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

பொம்பளை வாட்டுல ஆம்பளைக்கு என்ன வேலைன்னு கேப்ப. வாட்டுல தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ்ஸி ஒரே ஒரு ஆள்தான், அந்தப் புள்ளயும் அந்த வாரம் லீவு. டொக்டர் சிங்களத்துல பேச, தோட்டத்துப் பொம்பளைங்க முழிக்க, நான்தான் நடுவுல பூந்தேன். என் சிங்களம் பஸ் சிங்களம்தான். முன்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க, இறங்குறவங்க இருக்காங்களா, அதுக்கு மேல கொஞ்சம். ஆனா சத்தமா பேசுவேன்ல, அதுல எல்லாருக்கும் நம்பிக்கை வந்திருச்சு. ஒரே நாள்ல வாட்டுக்கே நான் மந்திரி. நாலாம் கட்டில்ல அழகம்மான்னு ஒரு பொம்பளை, மூணு நாளா வயித்தால போயி, முந்தாநாள் நின்னு, அதுக்கப்பறம் போகவே இல்லன்னு விலாவாரியா கதை சொல்லிச்சு. அவ்வளவு நீளத்தை எவன் சொல்றது? "போகலையாம்"னு ஒரே வார்த்தையில முடிச்சேன். டொக்டர் பேதி மருந்து எழுதிட்டாரு. அதுக்கப்பறம் ரெண்டு நாள் நான் நாலாம் கட்டில் பக்கமே தலைவச்சுப் படுக்கல.

சிரிக்காத மச்சான், இனிமேத்தான் இருக்கு. மூணாம் நாள் டொக்டர் உங்கக்கா கட்டில்கிட்ட நின்னு ரொம்ப நேரம் பேசினாரு. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும், இல்லாட்டி விஷம் மேல ஏறும், இருதயமும் பலவீனமா இருக்கு, எடுத்தாலும் தாங்குமான்னு உறுதியா சொல்ல முடியாது, நோயாளி யோசிச்சுச் சொல்லட்டும்னாரு. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கிச்சு. விளங்காமப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும். உங்கக்கா என் மூஞ்சிய பாத்து, "என்னவாம்?"னு கேட்டா. "ஒண்ணுமில்ல, புண்ணைச் சுத்தம் பண்ணுவாங்களாம்"னேன். அவ ஏதோ கேக்க வந்தா. அதுக்குள்ள டொக்டர் பக்கம் திரும்பி, "எயா கெமதி, மாத்தயா"ன்னுட்டேன். அவளுக்குச் சம்மதமாம்! மறுநாள் காயிதம் வந்திச்சு. கைநாட்டு வைக்கணும். எதுக்குன்னு கேட்டா. சீனிக்காரங்களுக்குத் தனியா பால் குடுக்கிறாங்க, அதுக்குன்னு சொல்லி, அவ பெருவிரலை நானே புடிச்சு மையில ஒத்தி வச்சேன். நான் கெட்டவன் இல்ல மச்சான். காலை எடுக்கப் போறாங்கன்னு அவகிட்டச் சொல்ற நெஞ்சுரம் இல்ல, அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சு கண்ணு முழிச்சா தானா தெரிஞ்சுக்கிருவான்னு நினைச்சேன். இப்படியும் ஒரு மனுசன் நினைப்பானான்னு கேக்காத, நான் நினைச்சேன்.

அதுக்கு மறுநாள்தான் லீவு முடிஞ்சு வந்திச்சு அந்தப் புள்ள. சித்தி றலியான்னு பேரு, மடவளைப் பொண்ணு. ஒல்லியா, குள்ளமா, இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். புண்ணுக்கு மருந்து கட்ட வந்து, முதல்ல ஸ்கிரீனை இழுத்து மறைச்சிச்சு, கையைச் சவக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிச்சு, பிறகு உங்கக்கா முகத்துக்கு நேரா குனிஞ்சு, "வலி எப்பிடி ஈக்கி?"ன்னு கேட்டுச்சு. "பரவால்ல, நேத்தைக்கு இன்னைக்கு குறைவு"ன்னேன் நான். "ஐயா, நான் அவங்கள்ட்டத்தான் கேட்டேன்"னு சொல்லிட்டு அந்தப் புள்ள சும்மா நின்னுக்கிட்டே இருந்திச்சு. உங்கக்கா என்னையும் அந்தப் புள்ளயையும் மாறி மாறிப் பாத்தா. அவகிட்ட ஒருத்தர் கேட்டுட்டு நிக்கிறது அவளுக்குப் புதுசு. அப்பறம் மெதுவா, "ராவும் பகலும் வெட்டி இழுக்குது தாயி"ன்னா. நாலு நாளா நான் வலியே இல்லன்னு டொக்டருக்குச் சொல்லிக்கிட்டிருந்தேன் மச்சான். அந்தப் புள்ள அடுத்த கேள்வி கேட்டுச்சு. "ஒங்கட காலுக்கு என்ன செய்யப் போறாங்கண்டு ஒங்களுக்குத் தெரியுமா?" "கழுவி விடுவாங்களாமே"ன்னா உங்கக்கா. றலியா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. கட்டை அவுத்து, கழுவி, புதுத்துணி சுத்தி முடிச்சிச்சு. அப்பறம் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச்சு.

"ஐயா, கால் அவங்கட. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"புள்ள, ஒனக்குப் புண்ணியமாப் போகும், சொல்லாத. அவ தாங்கமாட்டா."

"தாங்குவாங்களா இல்லயாண்டு அவங்கள்ட்ட கேட்டீங்களா?"

"முப்பத்தாறு வருஷம் அவளோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்பிடீண்டா இன்னைக்கு அந்தியில கேட்டுப் பாருங்க. அந்தக் கைநாட்டு செல்லாதுண்டு நான் டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும். மறைச்சா நான் செய்றது தொழில் இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாக்கணுமே! நேத்துப் பொறந்தது எனக்குப் புத்தி சொல்லுதுன்னு, எதிர்க்கடையில தாள் வாங்கி, நின்ன நிலையில மேட்ரனுக்கு ஒரு பெட்டிஷன் எழுதினேன். சிங்களம் பேசத்தான் வரும், எழுத வராது, அதனால தமிழ்லயே எழுதினேன். வயசுக்கு மிஞ்சின வாய், புருஷனை மதிக்கத் தெரியாத குட்டி, வீட்டுல வளர்த்த லட்சணம் இப்படின்னு, என்னென்ன வாயில வந்திச்சோ அத்தனையும். மேட்ரனம்மா வாங்கி, மேலயும் கீழயும் பாத்து, மணியை அடிச்சு ஆள் அனுப்பி, தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளைக் கூப்பிட்டாங்க. யாரு வந்தான்னு நினைக்கிற? சாட்சாத் சித்தி றலியாவேதான்.

மச்சான், பூமி பிளந்து என்னை முழுங்கிடாதான்னு இருந்திச்சு. அந்தப் புள்ள காயிதத்தை வாங்கி, முதல் வரியை மனசுக்குள்ள வாசிச்சு, என்னை ஒருதரம் பாத்துச்சு. பிறகு சிங்களத்துல சொல்ல ஆரம்பிச்சுது. வரிக்கு வரி. ஒரு சொல்லை விடல. குட்டின்னு எழுதினதைக் குட்டின்னே சொன்னிச்சு. வீட்டுல வளர்த்த லட்சணம்னு வந்த இடத்துல காது ரெண்டும் செவந்து போச்சு, ஆனா அதையும் சொல்லிச்சு. எனக்குத்தான் சிங்களம் தெரியுமே, எங்கயாவது வழுக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். எங்கயும் வழுக்கல. தன்னைத் திட்டினதைத் தானே அச்சரம் பிசகாம எடுத்துச் சொல்ல என்ன மனசு வேணும்? மேட்ரனம்மா என்னைப் பாத்து, "சரியா சொன்னாங்களா?"ன்னாங்க. சரின்னேன். "இந்த மிஸ்ஸி செஞ்ச பிழை என்ன?"ன்னாங்க. "என் பொஞ்சாதிகிட்ட அவ காலைப் பத்திப் பேசிட்டா"ன்னு சொன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கே அது காதுல விழுந்திச்சு. அதுக்கு மேல அங்க நிக்க முடியல. றலியாகிட்ட, "மன்னிச்சுக்க தாயி, வா, நீயும் கூட இரு, சொல்லிடுறேன்"ன்னு கூட்டிக்கிட்டு வந்தேன்.

சொன்னேன். ஸ்கிரீனுக்குள்ள, கட்டில் விளிம்புல உக்காந்து, எல்லாத்தையும் சொன்னேன். நான் தேம்பினதுல பாதி வெளங்கியிருக்காது. உங்கக்கா அழல. கூரையப் பாத்துக்கிட்டே கேட்டுட்டு, "அதானா? பாலுக்குன்னு கைநாட்டு வாங்கினாரு, ரெண்டு நாளா தம்ளரைக் கழுவி வச்சுக்கிட்டு இருக்கேன், பால் வரலயேன்னு நினைச்சேன்"னா. மச்சான், அவ என்னைத் திட்டியிருக்கலாம், செவுட்டுல ரெண்டு அறைஞ்சிருக்கலாம். அந்தத் தம்ளரு கட்டிலுக்குப் பக்கத்துலதான் கவுத்து வச்சிருந்திச்சு. நான் அதை நாலு தரம் பாத்திருப்பேன், எதுக்குன்னு கேக்கல.

அப்பறம் அவ, "இவரு வேணாம், நீ சொல்லு தாயி"ன்னுட்டா. டொக்டர் வந்தாரு. அவ கேக்க, றலியா சிங்களத்துல கேட்டுச்சு. அவரு சொல்ல, றலியா தமிழ்ல சொன்னிச்சு. நான் கொடிக்கம்பமா நின்னேன். எடுத்தா எத்தனை நாள், எடுக்காட்டி எத்தனை நாள், வலி எதுல கூட, கடைசியில எப்படிப் போகும், எல்லாத்தையும் கேட்டா. அவளுக்கு இத்தனை கேள்வி கேக்கத் தெரியும்னு எனக்கு அன்னைக்குவரைக்கும் தெரியாது. எடுக்காட்டி ரெண்டு மாசம், மூணு மாசம், எடுத்தா கூடவும் இருக்கலாம், மேசையிலயே போகவும் போகலாம்னாரு. ஒருநாள் யோசிச்சா. மறுநாள், "வேணாம். ரெண்டு காலோட வந்தேன், ரெண்டு காலோட புதைங்க. வலிக்கு மட்டும் மருந்து குடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்"னா. டொக்டர் மறுபடியும் எடுத்துச் சொன்னாரு. அவ மறுபடியும் வேணாம்னா. அவரு தலையை ஆட்டிட்டு, மருந்து எழுதிக் குடுத்தாரு.

வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்து இன்னைக்குப் பதினோரு நாள். வாட்டுல இருக்கிறப்பவே றலியா ரெண்டு நாள் என்னைப் பக்கத்துல வச்சுப் பழக்கிச்சு. கையைக் கழுவாம புண்ணைத் தொடக்கூடாது. தண்ணியைக் கொதிக்கவச்சு, உப்புப் போட்டு, ஆறவிட்டுக் கழுவணும். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கணும், இல்லாட்டி முதுகு புண்ணாயிரும். நிமித்தி உக்காரவச்சுத்தான் கஞ்சி ஊட்டணும், முழுங்கினபிறகுதான் அடுத்த கரண்டி. எல்லாம் செய்றேன். கலியாணம் கட்டினதுலருந்து ஒரு கோப்பை கழுவாதவன், இப்ப பீச்சட்டி எடுத்து ஊத்தி, கழுவி, துடைச்சு விடுறேன். அருவருப்பா இல்ல மச்சான். அவ காலைக் கழுவுறப்பத்தான் பாக்குறேன், கொழுந்து மலையில நடந்த பாதத்துல எத்தனை அட்டைக்கடித் தழும்பு! இத்தனை வருஷத்துல ஒருநாள் உத்துப் பாத்திருக்கேனா?

நீ ஒன்றுக்கும் கலங்க வேண்டாம். அக்கா வெகு தைரியமாக இருக்கிறாள். சாவைப் பற்றி அவளுக்குப் பயம் கியம் ஒன்றுமில்லை, சிரித்த முகமாகவே இருக்கிறாள். விசா எடுத்து, ராமேஸ்வரம் வந்து, கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி நீ அலைய வேண்டாம் என்றும், உன் மூத்த மகளின் பரீட்சை முடியட்டும் என்றும், இருந்த இடத்திலிருந்தே அவளுக்காகச் சாமி கும்பிட்டால் போதும் என்றும் உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், நூறு வயது இருந்து, பெற்றவர்கள் கண் குளிர வாழ எல்லாம் வல்ல கந்தன் அருள்வானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்
மூக்கையா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உங்கக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மேட்ரன் கதைக்குச் சிரித்தாள். தைரியமாக இருக்கிறாள் என்ற இடத்தில், "நிப்பாட்டுங்க"ன்னா. "பயமில்லன்னு நான் எப்ப சொன்னேன்? வரவேணாம்னு நான் எப்ப சொன்னேன்?" அவ சொல்லல மச்சான். நானாத்தான் எழுதினேன். அதை அடிச்சுடவான்னு கேட்டேன். "இருக்கட்டும், அவனும் ஒங்களத் தெரிஞ்சுக்கட்டும். இப்ப நான் சொல்றத எழுதுங்க"ன்னா. அவ சொன்னது இது:

"தம்பி, எனக்குச் சாகப் பயமா இருக்கு. இவருக்கு முன்னால அழ முடியல, நான் அழுதா இவரு சோறு திங்க மாட்டேங்கிறாரு. நீ வந்தா உன்னைக் கட்டிப் புடிச்சு அழுவேன். பரீட்சை கிரீட்சைன்னு நிக்காத. வா."

இதுல நான் ஒரு சொல்லும் கூட்டல, குறைக்கல.