பயனடைந்தவர் கையொப்பம்

சேவை என்பது சென்ற ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, திருப்பூர் வேலம்பாளையத்தில், ஒரு நூல் குடோனின் இரண்டாவது மாடியில் கண்டுபிடிக்கப்பட்டது. இதில் மிகை எதுவும் இல்லை. அதற்கு முன்பும் மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டுதானே இருந்தார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். இருந்திருக்கலாம். ஆனால் அந்த உதவிகளுக்குப் படிவம் இல்லை, பேனர் இல்லை, பின்னால் பேனர் தெரியும்படி எடுத்த புகைப்படமும் இல்லை. ஆகவே அவை நடந்ததாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

கண்டுபிடித்தவர் பேராசிரியர் முருகவேல். அந்த மாடியில் நடக்கும் பொன்னூசி சமுதாயக் கல்லூரியின் 'சேவைவழிக் கற்றல் ஒருங்கிணைப்பாளர்'. கல்லூரியில் மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அத்தனை பேரும் பனியன் கம்பெனிகளில் ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாம் நாள் படிக்க வருகிறவர்கள். இவர்களுக்குச் சமுதாயம் என்றால் என்னவென்றே தெரியவில்லையே என்பது பேராசிரியரின் நெடுநாள் கவலை.

"கண்ணுகளா, இனி ஆளுக்கு அறுபது மணி நேரம் சேவை பண்ணோணுங்க. அறுபது முடியாம ஆருக்கும் பட்டயம் கிடையாது. மேலிடத்து உத்தரவுங்க" என்றார்.

மூன்றாம் பெஞ்சில் இருந்த முத்துப்பேச்சி விரல் விட்டு ஞாயிறுகளை எண்ணிப் பார்த்தாள். அவள் கோவில்பட்டிப் பக்கமிருந்து அம்மாவோடு பிழைப்புக்கு வந்தவள். ஏற்றுமதியாளர் சீனிச்சாமியின் கம்பெனியில் ஏழு வருடமாகச் செக்கிங் வேலை. லாட்டு லாட்டாகத் தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, ஓட்டையோ கறையோ விட்ட தையலோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் 'ஆல்டர்' செய்யப் போகும். கோளாறு சரியாகிற வரைக்கும் அந்த அம்பைப் பிய்க்கிற உரிமை திருப்பூரில் எந்தக் கொம்பனுக்கும் கிடையாது. இத்தனையும் நின்றுகொண்டே செய்ய வேண்டும். நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டன. கியூ.சி. என்கிற தர ஆய்வாளர் ஆகிவிட்டால் உட்காரலாம். அதற்கென்று ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் பட்டயத்தைக் காட்டினால் நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் உடுமலைப்பேட்டையிலிருந்து வரும் என் மச்சினன் மகளுக்கு என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியை முத்துப்பேச்சி கனவில் இரண்டு முறை பார்த்துவிட்டாள்.

எழுந்து கேட்டாள்: "சார், போன வாரம் பக்கத்து வீட்டு பீகார்க்காரப் பொண்ணுக்கு வலி வந்துட்டு. நான்தான் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பகல் பூரா கூடவே நின்னேன். அதை எழுதிக்கிடலாமா?"

"பேனர் கட்டியிருந்தீங்களா?"

"பிரசவத்துக்கா சார்?"

"சரி, போட்டோ?"

"எடுத்தா அவ கொன்னுருவா சார்."

"அப்ப அது உதவிங்க கண்ணு, சேவையில்ல" என்று பேராசிரியர் கனிவோடு விளக்கினார். "உதவி அதும்பாட்டுக்கு நடந்துரும். சேவைன்னா முன்கூட்டியே திட்டம் போடோணும்."

"அது ஒம்பது மாசத் திட்டம்லா சார்!"

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் பெரிய மனது பண்ணி அதைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

சேவை செய்யப் பின்தங்கிய பகுதி ஒன்று வேண்டுமே! பேராசிரியர் மூன்று நாள் பைக்கில் அலைந்து அதையும் கண்டுபிடித்தார். பதினாறு வீடுகள், ஒரே குழாய், இரண்டு கழிவறை, ஒரு திறந்த சாக்கடை. "எவனும் எட்டிப் பார்க்காத இடம்ங்க" என்று அவர் படத்தைச் சுவரில் ஒட்டியபோது வகுப்பில் பதினோரு பேர் தங்கள் வீட்டு வாசலை அடையாளம் கண்டுகொண்டார்கள். சீனிச்சாமி தன் கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் அவை. வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். பால் காய்ச்சிய அன்று வந்த முதலாளி அப்புறம் பன்னிரண்டு வருடமாக அந்தப் பக்கம் வரவில்லை. பெயர்ப்பலகையும் உதிர்ந்துபோனதால் பேராசிரியருக்கு இந்த விவரம் தெரியாது.

"சார், அது எங்க வீடு" என்றாள் முத்துப்பேச்சி.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சுங்க. வழி சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை."

"அதில்ல சார், அது எங்க மொதலாளியோட..."

பேராசிரியர் அதற்குள் பேனரின் நீள அகலத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு முதல் முத்துப்பேச்சி காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, கல்லூரிக்கு நடந்து, 'தன்னார்வலர்' என்று அச்சடித்த மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வேனில் ஏறித் தன் வீட்டுக்கே வந்து இறங்கினாள். வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா மூக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, நடந்து போனவ எதுக்கு வேன்ல வாரே?"

"நான் தன்னார்வலர்ம்மா. நீ பயனாளி. செத்த சும்மா உக்காரு."

"நான் எப்பட்டி ஆனேன்?"

"இப்பதான். பேனர் கட்டியாச்சுல்லா."

முதல் சேவை, கை கழுவும் பயிற்சி. ஏழு படிகள். குழாயடியில் பதினாறு வீட்டுப் பெண்களையும் வரிசையாக நிறுத்தினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை. மார்ச் மாதமே மோட்டார் எரிந்துபோய், அன்றிலிருந்து எல்லோரும் இரண்டு தெரு தள்ளிப் போய்க் குடத்தில் பிடித்துவருகிறார்கள். பேராசிரியர் அசரவில்லை.

"தண்ணி இருக்கறதா நெனைச்சுக்குங்க."

பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். முப்பத்திரண்டு கைகள் காற்றில் கழுவப்பட்டன. மூக்கம்மாள் மட்டும் கையை நீட்டியபடியே நின்றாள். "நெனைச்சுக் கழுவியாச்சு சார். எதுல தொடைக்க?"

"துண்டையும் நெனைச்சுக்குங்கம்மா!"

புகைப்படம் பிரமாதமாக வந்தது. தண்ணீர் இல்லாதது அதில் தெரியவே இல்லை. நான்கு ஞாயிறுகள் இதே பயிற்சி நடந்தது. வாரத்தில் ஒரு நாள் காலை நீட்டிப் படுக்கிற மூக்கம்மாள் நான்கு ஞாயிறும் நின்றுகொண்டே கை கழுவி, மகள் நீட்டிய நான்கு படிவங்களிலும் 'பயனடைந்தவர் கையொப்பம்' என்ற கட்டத்துக்குள் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். பயனடைந்த களைப்பில் திங்கட்கிழமைகளில் அவளுக்கு இடுப்பு வலித்தது.

ஐந்தாம் வாரம் 'தேவை மதிப்பீடு'. "இந்தப் பகுதியில என்னென்ன குறை இருக்குதுன்னு குறிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் டீ குடிக்கப் போனார். முத்துப்பேச்சிக்கு உற்சாகம் தாங்கவில்லை. இத்தனை நாளில் இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்த வேலையைச் சொல்லியிருக்கிறார்கள்! பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள்.

பேராசிரியர் திரும்பி வந்தபோது காம்பவுண்டு முழுக்கச் சிவப்பு அம்புகள். வறண்ட குழாயில் ஒன்று, எரிந்த மோட்டாரில் ஒன்று, கதவில்லாத கழிவறையின் நிலைக்காலில் இரண்டு, சாக்கடை நெடுக இருபது, விரிசல் விட்ட சுவர்களில் எண்ண முடியாத அளவு.

"ஐயோ சாமி! என்னங்க இது, அம்மை போட்டாப்ல? அடுத்த வாரம் தலைமை விருந்தினர் வர்றாருங்க! பிச்சுப் போடுங்க எல்லாத்தையும்!"

ஒருவரும் அசையவில்லை. நான்காம் வீட்டு டெய்லர் மயிலாத்தாள்தான் பேசினாள். "ஏனுங்க சார், ஆல்டர் ஆகாம அம்பை எடுக்கறதுங்களா? குலதெய்வத்து மேல சத்தியமா எங்களால ஆகாதுங்க."

பேராசிரியர் தானே குழாயிலிருந்து ஓர் அம்பைப் பிய்த்தார். பதினாறு வீட்டுப் பெண்களும் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அதை அதே இடத்தில் திரும்ப ஒட்டி, விரலால் அழுத்தியும் விட்டார்.

அடுத்த ஞாயிறு தலைமை விருந்தினர் காரில் வந்து இறங்கினார். பேனருக்கும் பிஸ்கட்டுக்கும் புரவலரான அந்த வள்ளல் வேறு யாருமில்லை, சீனிச்சாமிதான். இந்த இடத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் அம்பு அடையாளம் தெரிந்தது. கட்டிங் மாஸ்டருக்குக் கையாளாகத் தொழிலைத் தொடங்கியவர் அவர். நாற்பது வருடப் பழக்கம், கழுத்தில் மாலை விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் கத்திவிட்டார்.

"நிறுத்துங்க! இத்தனை டேமேஜை வெச்சுக்கிட்டு இது எப்படி பேக்கிங் வரைக்கும் வந்துச்சு? ஆரு லாட்டு இது?"

'பயனாளி' மூக்கம்மாள் வாய் திறந்தாள்.

"உங்க லாட்டுதான் மொதலாளி."

சீனிச்சாமி சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் பால் பொங்கிய அடுப்பு மூலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் சாமானியர்களைப் போல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றிருந்தால் அவர் இந்த உயரத்துக்கு வந்திருக்க முடியுமா?

"ஸ்டிக்கர் ஒட்டுனது ஆரு?"

நீல நாற்காலிக்குச் சிறகு முளைத்து உடுமலைப்பேட்டைப் பக்கமாகப் பறப்பது முத்துப்பேச்சியின் கண்ணுக்குத் தெரிந்தது. "நான்தான் சார்."

"நல்ல கண்ணு. ஒண்ணு விடலை நீ." பிறகு மஞ்சள் டி-ஷர்ட்டுகளைப் பார்த்தார். "ஏனுங்க வாத்தியாரே, இவுங்கல்லாம் ஆருங்க?"

"தன்னார்வலர்களுங்க."

"சம்பளம்?"

"இல்லீங்க. சேவைங்க."

"சாப்பாடு?"

"அவுங்களே கொண்டாந்துருவாங்க."

சீனிச்சாமி நெகிழ்ந்துபோனார். "அட சாமீ! நாப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறன், இப்படியொரு சிப்ட்டை நான் பார்த்ததே இல்லீங்களே! அப்பறமென்ன, ஆல்டரை ஆரம்பிக்கச் சொல்லுங்க."

அப்படியாகக் கை கழுவும் சேவை முடிந்து கைவேலைச் சேவை தொடங்கியது. நான்கு ஞாயிறுகள், மாணவர்கள் முழங்கால் வரை இறங்கிச் சாக்கடையைத் தூர்வாரினார்கள். கம்பெனி குடோனில் கிடந்த பழைய மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கழிவறைக்குக் கதவு போட்டார்கள், சுவரைப் பூசினார்கள். கோளாறு ஒவ்வொன்றாகத் தீரத் தீர, முத்துப்பேச்சி அம்பை ஒவ்வொன்றாக உரித்தாள். குழாயில் தண்ணீர் வந்த நாளன்று மூக்கம்மாள் கையை நீட்டி, ஏழு படியையும் மறந்துவிட்டு, வெறுமனே நனைத்துக்கொண்டே நின்றாள். அந்த நேரத்தில் கேமராக்காரர் டீக்கடையில் இருந்தார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, காம்பவுண்டிலேயே பந்தல் போட்டுப் பாராட்டு விழா. சேவை செய்ய இடமளித்த பெருந்தன்மைக்காகச் சீனிச்சாமிக்கு 'சேவைச் சிகரம்' என்ற கேடயம். மேடையில் நாற்காலிகள், கீழே பயனாளிகளுக்குப் பாய். அன்று கடைசிப் படிவத்தைக் கொடுத்தால் முத்துப்பேச்சிக்கு அறுபது மணி நேரம் முடிந்துவிடும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒரு நாள்தான்.

"சட்டுனு அம்மா பேரை எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க கண்ணு" என்று பேராசிரியர் விரட்டினார்.

அவள் எழுதத் தொடங்கினாள். சேவை: சாக்கடை தூர்வாரியது, மோட்டார் மாட்டியது, கதவு போட்டது, சுவர் பூசியது. அடுத்த கட்டம்: பயனடைந்தவர் பெயர். அங்கே பேனா நின்றுவிட்டது. மீடியம் பனியனில் லார்ஜ் லேபிள் இருந்தால் முழு லாட்டும் கப்பலிலிருந்து திரும்பி வரும் என்பது செக்கிங்கில் முதல் நாள் பாடம். சாக்கடை யாருடையது? கதவு யாருடையது? வாடகையும் கொடுத்து, மகளை விட்டு ரிப்பேரும் பார்த்துக் கொடுத்தவளா பயனடைந்தவள்? இந்த லேபிளை ஒட்ட அவள் கை வரவே இல்லை. நாற்காலியை ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்துவிட்டு, சரியான பெயரை எழுதினாள்.

மேடையில் சீனிச்சாமி மலர்ந்த முகத்தோடு, நீட்டியதில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சான்றிதழ், டைரி, ஒரு மாணவனின் டி-ஷர்ட்டின் முதுகு. முத்துப்பேச்சி நீட்டிய படிவத்திலும் சுழித்துச் சுழித்துப் பெரிதாகப் போட்டார். பின்னால் பேனர். கேமரா மின்னியது.

முதலாளியின் கையெழுத்தையே வாங்கிய படிவம் என்றதும் பேராசிரியருக்குப் புல்லரித்தது. அதையே 'முன்மாதிரிப் படிவம்' என்று அறிவித்து மைக்கில் வாசிக்கத் தொடங்கினார். சாக்கடை, மோட்டார், கதவு, சுவர் என்று கணீரென்று போன குரல் திடீரென்று உள்ளே போய்விட்டது.

"சத்தமா வாசிங்க சார்!" என்றாள் பாயிலிருந்து மூக்கம்மாள். "பயனாளிகளுக்குக் கேக்கல!"

பேராசிரியர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு முத்துப்பேச்சியிடம் குனிந்தார். "உங்களுக்குப் பட்டயம் வேணுமா வேண்டாமாங்க?"

"வேணும் சார். பேனர் இருக்கு, போட்டோ இருக்கு, பயனாளி கையெழுத்தும் இருக்கு. எதுல டேமேஜ்னு சொல்லுங்க, ஆல்டர் பண்ணித் தாரேன்."

பேராசிரியர் படிவத்தை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார். விதிமுறைக்கு அஞ்சும் மனிதர். வியர்த்ததே தவிரக் குறை ஒன்றும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

"பயனடைந்தவர் பெயர்: திரு. சீனிச்சாமி அவர்கள், ஏற்றுமதியாளர். பயனடைந்தவர் கையொப்பம்... இருக்குதுங்க."

பதினாறு வீட்டுப் பெண்களும் கழுவிய கைகளால் ஓங்கித் தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் சீனிச்சாமியும் எழுந்து கும்பிட்டார். எதற்கென்று தெரிந்தபோது கேடயம் அவர் மடியில் கனத்தது.

முத்துப்பேச்சிக்குப் பட்டயம் கிடைத்தது. நாற்காலியும் கிடைத்தது. இவ்வளவு கூர்மையான கண்ணைப் போட்டிக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை.

பொன்னூசிக் கல்லூரியின் அலமாரியில் இன்று நூற்றுக்கணக்கான படிவங்கள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பயனடைந்தவரின் பெயர் சரியாக எழுதப்பட்டது அந்த ஒன்றில் மட்டும்தான். மற்ற எல்லாவற்றிலும் அந்த இடத்தில் இருப்பது, வாடகை கொடுத்தவர்களின் பெயர்.