லுபோர் நகர்த்தின பச்சைக்கோடு

முழங்கால் வரைக்கும் சேறு. ஒரு கூட்டமே வாசல்ல நின்னு ஷூவக் கழட்டிக்கிட்டிருந்துச்சு.

லுபோர் ஜன்னல் திரைய இழுத்து மூடினான். இவங்க யாரும் இன்னைக்கு இந்தப் பக்கமே வரக்கூடாது! அதுக்காகத்தானே போன வாரம் பூரா திருட்டுத்தனமா காட்டுல கிடந்தான்!

விஷயம் இதுதான். காட்டு நடைபாதை லுபோர் வீட்டுக்கிட்ட மட்டும் தார் ரோட்டோரமா, வேலிய ஒட்டியே போகுது. மரத்துக்கு மரம் வெள்ளை, பச்சை, வெள்ளைன்னு கோடு. அதப் பாத்துக்கிட்டே ப்ர்னோ நகரத்துல இருந்து ரயிலேறி வர்ற சனம் நடக்கும். அந்தக் கோட்டுக்கெல்லாம் சம்பளம் வாங்காம பெயின்ட் அடிக்கிற குழுவுக்கு லுபோர் பொண்டாட்டி யர்மிலாதான் தலைவி. போற வர்றவங்க தண்ணி கேப்பாங்க. யர்மிலா தண்ணியும் குடுப்பா, சுடச்சுட பிளம்ஸ் பன்னும் குடுப்பா, லுபோரோட நாற்காலியையும் குடுப்பா. ஞாயித்துக்கிழமையாவது ஆள் சத்தமில்லாம கிடக்கணும். மனுஷனுக்கு வேற ஆசையே இல்ல.

அதான் வழியையே நகத்திட்டான்! வீடு வர்றதுக்கு முன்னாடியே பழைய கோட்டச் சுரண்டிட்டு, புதுசா காட்டுக்குள்ள இழுத்து, வீட்டத் தாண்டி அந்தப் பக்கம் பழைய பாதையோட சேத்துட்டான். நடுவுல ஒரு சதுப்பு நிலம். இருந்துட்டுப் போகட்டும், நடக்கத்தானே வந்திருக்காங்க!

பாதை சேர்ற எடத்துல ஒரு அம்புக்குறி போடணும். பசி வந்துருச்சு. போடல. சேத்துல நீந்தி வந்த சனம் அங்க நின்னு முழிச்சுச்சு. ரெண்டு பக்கமும் பச்சைக்கோடு; வீட்டுப் பக்கம் திரும்புற பழைய கோட்ட அவன் சுரண்டவே இல்ல. ஒரு பக்கத்துல இருந்து பன் வாசனை. வாசனை வந்த பக்கம் திரும்பிருச்சு.

முன்னெல்லாம் வேலிக்கு வெளிய நின்னவங்க, இப்ப வீட்டுக்குள்ள. அந்த ஊர் வழக்கப்படி, ஷூவக் கழட்டிட்டு உள்ள வந்தவங்களுக்கு வீட்டுச் செருப்பு குடுக்காம விட முடியாதே! லுபோர் செருப்பு ஒரு தாடிக்காரன் கால்ல.

"அக்கா, அந்தப் பூண்டு சூப் இன்னும் கொஞ்சம்..." அப்படின்னான் அவன்.

யர்மிலா, லுபோர் பதுங்கியிருந்த அடுப்படிக்குள்ள வந்து கதவச் சாத்தினா.

"ஏய்யா, சதுப்பு வழியா கோடு போட்டது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? எவனாவது விஷமியா இருக்கும்."

"விஷமி கோடும் குழுவுக்கு நீ அடிச்சுக் குடுக்குற கோடு மாதிரியே இடது பக்கமா சாஞ்சிருக்காம்."

"காத்தடிச்சிருக்கும்."

"காத்துல மரம் சாயும். பெயின்ட்டுமா சாயும்?"

லுபோர் சூப்பக் கிண்டினான். கிண்ட வேண்டிய அவசியமே இல்ல.

"குழுவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியாய்யா?"

யோசிச்சான். அந்த ஊர்ல பீர்ல தண்ணி கலந்தவனக்கூட மன்னிப்பாங்க. கோட்டச் சுரண்டினவன மன்னிக்க மாட்டாங்க.

"தங்கம், காப்பாத்து."

"வாயத் தெறக்காம பின்னாடியே வா."

சாயங்காலம் குழு மொத்தமும் தோட்டத்துல கூடிருச்சு. ஒவ்வொருத்தர் மூஞ்சியும் பீட்ரூட் மாதிரி.

"கோபப்படாதீங்க! சுரண்டினது நம்ம லுபோர்தான்," அப்படின்னா யர்மிலா.

லுபோர் கண்ண மூடிக்கிட்டான்.

"சனம் தார் ரோட்டோரமா நடக்குதேன்னு மனசு கேக்காம, தனியாளா புது வழி கண்டுபிடிச்சிருக்காரு! சதுப்புல பலகைப் பாதை போட்டாப் போதும். ஞாயித்துக்கிழமை தோறும் அதையும் தானே போடுறேங்கிறாரு!"

ஒரே கைதட்டல். தாடிக்காரன் கட்டிப்பிடிச்சு அழுதேவிட்டான். "இல்ல, நான்..."னு லுபோர் வாயத் தெறந்தான். யர்மிலா அதுல ஒரு பன்ன வச்சு அடைச்சா.

இப்ப நடைபாதை வீட்டுப் பக்கமே வர்றதில்ல. லுபோர்தான் ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் பலகையத் தூக்கிட்டு சதுப்புக்குப் போறான். யர்மிலா மறக்காம சூடா சூப் கட்டிக் குடுக்குறா.

போன ஞாயித்துக்கிழமை இடுப்பப் புடிச்சுக்கிட்டு வந்தவன் கேட்டான்: "உனக்காவது வீட்டுல நிம்மதியா இருக்காடி?"

"ரொம்ப! பன் சுட்டுச் சுட்டு எனக்கும் முதுகு விட்டுப்போச்சுல்ல? இப்ப ஞாயித்துக்கிழமையானா வீட்டுல ஈ காக்கா கிடையாது," அப்படின்னா யர்மிலா. "நீயும்தான் கிடையாது."