இதமான சூடு

மலையில் பிறந்தவனிடம் சூட்டைப் பற்றி அபிப்பிராயம் கேட்கக் கூடாது. நான் ஊட்டிப் பக்கத்து ஜெகதளாக்காரன். சூடு என்றாலே எங்களுக்கு நல்லதுதான். அதிலும் அளவு உண்டு என்பதே பிஎச்.டி. படித்த காலத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

ஊட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகம். எலிக்குஞ்சின் மூளையிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வளர்த்து, ஒயர் மூலம் ஒரு குட்டிச் சக்கர ரோபோவோடு இணைத்திருந்தேன். ரோபோ சுவரை நெருங்கினால் செல்களுக்குச் சேதி போகும். அவை பதிலுக்குத் துடித்தால் சக்கரம் திரும்பும். முதலில் முட்டிக்கொண்டே இருந்தது. மூன்றே மாதத்தில் திரும்பக் கற்றுக்கொண்டது. (நான் சைக்கிள் பழக அதைவிட அதிக நாள் ஆனது.)

வெளியூரிலிருந்து தேர்வாளர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. அவர் முன்னால் ரோபோ திரும்பினால் எனக்குப் பட்டம். இல்லாவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அந்தச் செல்களுக்கு நம் உடம்புச் சூடு எப்போதும் வேண்டும். பெட்டி ஆறிக்கொண்டிருந்தது, சூட்டைக் காட்டும் திரையும் அணைந்துவிட்டது. வெளியே மழை.

அப்போதுதான் வெந்நீர்ப் பை ஞாபகம் வந்தது. ஆய்வக உதவியாளர் ஸ்டெல்லா அக்கா கால்வலிக்கு வைத்திருந்ததை வாங்கி, கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, தட்டின் அடியில் வைத்து, என் ஸ்வெட்டரைக் கழற்றி மேலே சுற்றினேன்.

"சூடு ஜாஸ்திங்களா தம்பி?" என்றார் அக்கா.

புறங்கையை வைத்துப் பார்த்தேன். "இதமா இருக்குதுங்க அக்கா."

ஸ்வெட்டர் இல்லாமல் விறைத்துப்போன கை அது. அடுப்பில் வைத்திருந்தாலும் இதம் என்றுதான் சொல்லியிருக்கும்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. திரையைப் பார்ப்பதற்குள் தேர்வாளரும் வந்துவிட்டார். ரோபோவைத் தரையில் விட்டேன். சுவரை நோக்கிப் போனது. ஒரு சாண் இருந்தது. பிறகு நான்கு விரல். முட்டியது. முட்டியபடியே சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றது.

என் பேராசிரியை ஸ்வெட்டரை விலக்கிப் பையைத் தொட்டவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "வெந்துபோச்சுங்க தம்பி" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. கற்றுக்கொண்ட ஒன்றை என் கையாலேயே சாகடித்துவிட்டேனே என்று அழுகை வந்தது. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆட்டு மூளை வாங்கினால் போதும், என் மனைவி சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கூப்பிடுவாள்:

"ஏனுங்க, வெந்துருச்சான்னு கொஞ்சம் தொட்டுப் பாருங்க. உங்க கைக்குத்தான அதெல்லாம் தெரியும்."